நீல டிக் வாங்கிய பிணம்

"பாடிய எப்பம்மா எடுக்கிறீங்க?"

போனில் வந்த முதல் கேள்வியே இதுதான்!

ஷர்மினிக்கு வாயில் இருந்த மைலோ மூக்கு வழியாக வந்துவிட்டது.

"யாரு பாடிய அங்கிள்?"

"என்னம்மா இப்படிக் கேக்குற? நம்ம முதலாளி பாடியத்தான்! கம்போங் ராஜாவுலேர்ந்து சாமிநாதன் பேசுறேன். கடைய அடைச்சிட்டேன். தலைக்கும் ஊத்திக்கிட்டேன். காலைல இங்க தண்ணி எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியும்ல? பல்லு இன்னும் ஆடுது லா..."

ஷர்மினி மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள்.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம்...

பிரேதம் ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தது!

அதுவும் மூன்றாவது ரொட்டி. பருப்புக் குழம்பு மீசையில் ஒட்டியிருந்தது. 'இன்னும் கொஞ்சம் சம்பல் இருக்கா?' என்று கையால் கேட்டது.

அந்தப் பிரேதத்தின் பெயர் லெட்சுமணன். லெட்சுமணா டீ கம்பெனியின் முதலாளி. கேமரன் மலையில், பிரிஞ்சாங் ஊருக்கு மேலே இரண்டு மலைச் சரிவு முழுக்க அவருடைய தேயிலை. தேயிலைப் பாக்கெட்டில் அவர் முகம். காலண்டரில் அவர் முகம். லோரியின் முதுகிலும் அவர் முகம்தான். அந்த லோரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு மலை ஏறுகிற சுற்றுலாக்காரர்கள், வழி முழுக்க அந்த மீசையைத் தரிசனம் செய்துகொண்டுதான் வந்தாக வேண்டும்.

"அங்கிள்... உங்களுக்கு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? மெயில்ல வந்துச்சே!"

"எந்த மெயில்ல?"

"உங்க ஆபிஸ் மெயில்தான் லா! பக்கத்துல அந்த நீல டிக் கூட இருந்துச்சு. நீதானம்மா கூட்டம் போட்டு சொன்ன... நீல டிக் இருந்தா கண்ண மூடிக்கிட்டு நம்புங்கன்னு!"

ஷர்மினிக்கு முதுகுத் தண்டு சில்லிட்டது. கேமரன் மலைக் குளிருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

"அங்கிள், அந்த மெயில எனக்கு ஃபார்வர்ட் பண்ணுங்க. உடனே!"

"எங்கேர்ந்து பண்றது? பாத்த உடனே டிலீட் பண்ணிட்டேன். சாவுச் சேதிய யாராச்சும் கையில வச்சிக்கிட்டு இருப்பாங்களா?"

போன் வைக்கப்பட்டது.

அடுத்த நொடியே மேஜையில் இருந்த இன்னொரு போன் அலறியது. அதற்கடுத்து மூன்றாவது போன். அதற்கடுத்து அவளுடைய சொந்த போன்!

எல்லாவற்றிலும் அழுகை.

*

ஷர்மினிக்கு வயது இருபத்தாறு. சுங்கை சிப்புட்காரி. டீ கம்பெனியில் உட்கார்ந்துகொண்டு மைலோ குடிக்கும் துணிச்சல்காரி. மூன்று மாதத்துக்கு முன்னால்தான் இந்த வேலைக்கு வந்தாள்.

வேலை என்ன?

மெயிலுக்குக் காவல்.

போன வருடம் எவனோ ஒருவன் லெட்சுமணா டீ பெயரில் பொய் மெயில் அனுப்பினான். 'உங்களுக்கு ஒரு பெட்டி தேயிலை இலவசம்! இங்கே அழுத்தவும்!' இலவசம் என்றால் விடுவார்களா? அழுத்தினார்கள். அழுத்தியவர்களின் போனெல்லாம் ரஷ்ய மொழிக்கு மாறிவிட்டன. கம்பெனி மானம் கப்பலேறியது.

அப்புறம்தான் ஷர்மினி வந்தாள். பூட்டைப் போட்டாள்.

கம்பெனியிலிருந்து போகும் ஒவ்வொரு மெயிலிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு முத்திரை இருக்கும். போய்ச் சேரும் இடத்தில் அதைச் சோதிப்பார்கள். முத்திரை பொருந்தவில்லையென்றால் அந்த மெயிலை வாசலிலேயே கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடுவார்கள். இப்படி ஒழுங்காகப் பூட்டுப் போட்ட கம்பெனிக்கு ஒரு பரிசும் உண்டு. மெயில் பெட்டியில் கம்பெனிப் பெயருக்குப் பக்கத்தில், ஒரு சின்ன வட்டத்துக்குள் அதன் லோகோ தெரியும். சும்மா தெரியாது. அந்த லோகோ சட்டப்படி பதிவாகியிருக்க வேண்டும். சான்றிதழ் வாங்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் லோகோவோடு ஒரு நீல டிக்கும் வரும்.

இன்று காலையில்தான் அந்த டிக் முதல்முறையாக வந்தது. பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்து ஒரு சுற்று ஆடினாள் ஷர்மினி.

ஆடிய கால் இன்னும் ஓயவில்லை. அதற்குள் முதலாளி செத்துவிட்டார்!

அவள் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

"பாஸ்... நீங்க செத்துட்டீங்க!"

லெட்சுமணன் நிமிர்ந்து பார்த்தார். ரொட்டியை விழுங்கினார்.

"எப்ப?"

"இன்னைக்குக் காலைல. மெயில்ல வந்திருக்காம். ஊரெல்லாம் துக்கம் விசாரிக்குறாங்க!"

"எந்தக் களவாணிப் பய வேலைம்மா இது? நீதான் பூட்டு போட்டுட்டேன், இனிமே ஒரு ஈ காக்கா நம்ம பேர்ல மெயில் அனுப்ப முடியாதுன்னு சொன்ன?"

"அதான் பாஸ் எனக்கும் புரியல..."

அப்போது வாசலில் ஒரு லோரி வந்து நின்றது.

லோரி முழுக்க செவ்வந்தி! மஞ்சள், வெள்ளை. ஆள் உயர மலர் வளையங்கள். நடுவில் நின்றுகொண்டு மூக்கை உறிஞ்சினார் ஆண்டியப்பன். லெம்பா பெர்த்தாமில் பூத்தோட்டம் வைத்திருப்பவர். லெட்சுமணனுக்குப் பால்ய சிநேகிதர்.

"அண்ணே! லெட்சுமண அண்ணே! என்ன விட்டுட்டுப் போயிட்டியே..."

வளையத்தைத் தூக்கிக்கொண்டு அழுதபடி உள்ளே வந்தார். கண்ணீரில் வழி தெரியவில்லை. நேராக முதலாளியின் அறைக்குள் நுழைந்தார்.

"ஆண்டி, வா வா. சாப்டியா?" என்றார் பிரேதம்.

"வீ...ல்!"

அந்த அலறலில் தேயிலைக் காட்டில் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் மெஷினை நிறுத்திவிட்டார்கள். ஆண்டியப்பன் வளையத்தோடு வளையமாக விழுந்தார்.

முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பியதும் ஷர்மினி அவர் போனைப் பிடுங்காத குறையாகக் கேட்டாள்.

"அங்கிள், அந்த மெயில காட்டுங்க!"

"டிலீட் பண்ணிட்டேன்மா..."

"பரவால்ல. போன்ல குப்பைத் தொட்டி இருக்கும், அதுல கெடக்கும்."

"அதையும் காலி பண்ணிட்டேன்! வீட்டுக் குப்பைல சாவுச் சேதிய வைப்பாங்களா? அந்தக் காலத்துல தபால் கார்டு வந்தா படிச்ச உடனே கிழிச்சித் தூர எறிஞ்சிடுவோம். இப்ப போன கிழிக்க முடியாதுல்ல... அதான் சுத்தமா அழிச்சிட்டேன்."

ஷர்மினிக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. தமிழர்கள் கருமாதிப் பத்திரிகையைக் கிழிக்கிற வழக்கம் அவளுக்கும் தெரியும். அதை மெயிலுக்கும் செய்வார்கள் என்று எந்தப் பாடப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது?

கேட்ட இடமெல்லாம் இதே பதில். துடைத்து வைத்த மாதிரி ஒரு தடயமும் இல்லை!

*

துக்கத்துக்கு வந்தவர்களில் ஒருவர் மட்டும் அழவில்லை.

யோகேந்திரன். முதலாளியின் தம்பி. தாப்பா போகிற வழியில் ஸ்ட்ராபெரி தோட்டம் வைத்திருப்பவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் வந்து இறங்கியவர், அண்ணன் வாசலில் நிற்பதைப் பார்த்ததும் ஒரு கணம் திகைத்தார். முகத்தில் வந்தது சந்தோஷமா, ஏமாற்றமா? அது அவருக்கும் முருகனுக்கும்தான் வெளிச்சம்.

"உசுரோடதான் இருக்கியா..." என்றார்.

"ஏன்டா, கஷ்டமா இருக்கா?" என்றார் லெட்சுமணன்.

"சேச்சே. பந்தலுக்குச் சொல்லிட்டேன், அதான்."

"அதுக்குள்ள பந்தலுக்குச் சொல்லிட்டியா!"

"பின்ன, சனிக்கிழமை லா. ரோடு ஜாம் ஆயிடும்னு முன்கூட்டியே சொன்னேன்."

ஷர்மினியின் மூளை பரபரத்தது. 'இவர்தானா? முதலாளி நாற்காலி மேல் கண் வைத்து இவர்தான் மெயில் அனுப்பினாரா?'

ஆனால் எப்படி அனுப்ப முடியும்? வெளியிலிருந்து யார் அனுப்பினாலும் பூட்டு விடாதே!

அதற்குள் ஜீப் ஒன்று வந்து நின்றது. தானா ராத்தாவிலிருந்து இன்ஸ்பெக்டர் குகன். ஒல்லியாக, உயரமாக, பேசுவதற்கு முன்னால் மூன்று முறை யோசிக்கும் மனிதர்.

"யாரு கம்ப்ளெய்ன்ட் குடுத்தது?"

"நான்தான்" என்றார் லெட்சுமணன்.

"செத்தது?"

"அதுவும் நான்தான்."

இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "எங்கம்மாவுக்கும் மெயில் வந்துச்சு சார். காலையிலேர்ந்து அழுதுட்டு இருக்காங்க. உங்க டீயத்தான் குடிப்பாங்க." அப்புறம் ஷர்மினி பக்கம் திரும்பினார். "மிஸ் ஷர்மினி, வெளியாளு யாராவது உங்க கம்பெனி பேர்ல மெயில் அனுப்பியிருக்கலாமா?"

"சான்ஸே இல்ல சார்!" மார்தட்டிச் சொன்னாள். "எங்க பேர்ல யாரு எங்கேர்ந்து அனுப்பினாலும் மெயில் கம்பெனிக்காரங்க எனக்கு ரிப்போர்ட் அனுப்புவாங்க. பூட்டு ஒடையல. அதுவும் நீல டிக் வந்திருக்குன்னா, நூத்துக்கு நூறு எங்க ஆபிஸ்லேர்ந்து போனதுதான்."

"அப்போ உள்ளாளு?"

"உள்ளாளுதான்!"

"அனுப்புற பாஸ்வேர்டு யார் யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்ட... அப்புறம் கிராணிகிட்ட."

கிராணி நல்லுசாமி மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முன்னால் வந்தார். முப்பது வருடமாக இந்த ஆபிஸில் குமாஸ்தாவாக இருப்பவர்.

"நான் ஒரே ஒரு மெயில்தான் அனுப்புனேன் சார். 'புதுக் கொழுந்து டீ வந்தாச்சு, வேணும்கிறவங்க சொல்லுங்க'ன்னு நம்ம முதலாளி துரை எழுதிக் குடுத்தாரு. எல்லாருக்கும் ஒரே அமுக்கா அமுக்குனேன். அவ்ளோதான்."

கம்ப்யூட்டரைப் பார்த்தார்கள். உண்மைதான். அனுப்பிய மெயில்களில் அந்த ஒன்றுதான் இருந்தது. புதுக் கொழுந்து டீ. சாவும் இல்லை, கருமாதியும் இல்லை.

இன்ஸ்பெக்டர் மூன்று முறை யோசித்தார்.

"அப்போ சாவு மெயில அனுப்பிட்டு, இங்கேர்ந்து அழிச்சிருக்காங்க. கிராணிக்கு அப்படி அழிக்கத் தெரியுமா?"

"எனக்கு அமுக்க மட்டும்தான் சார் தெரியும்" என்றார் நல்லுசாமி.

"வேற யாரால அழிக்க முடியும்?"

ஷர்மினி மெதுவாகக் கையைத் தூக்கினாள்.

"என்... என்னால."

எல்லார் தலையும் அவள் பக்கம் திரும்பியது.

அரை மணி நேரமாக அவள் வாயாலேயே கட்டிய வழக்கு அது! வெளியாள் இல்லை. பூட்டு உடையவில்லை. கிராணி இல்லை. மிச்சம் இருப்பது யார்?

"அடிப்பாவி!" என்றார் யோகேந்திரன். "எங்கண்ணன கொன்னது நீதானா?"

"அங்கிள், அவர் உசுரோட நிக்கிறாரு!"

"அது வேற விஷயம் லா!"

லெட்சுமணன் நாற்காலியில் சாய்ந்தார். கோபத்தை விட வருத்தம்தான் அவர் குரலில் அதிகமாக இருந்தது.

"ஏம்மா... உன்ன நம்பி மொத்த சாவியையும் குடுத்தேன். இப்ப சொல்றேன் கேட்டுக்க. உன் ஊருப் பக்கம் ஈப்போவுக்குப் போற கடைசி பஸ் தானா ராத்தாவுலேர்ந்து கெளம்புறதுக்குள்ள இது யாரு வேலைன்னு கண்டுபுடிச்சிக் குடு. இல்லன்னா இன்ஸ்பெக்டர் எழுதுற ரிப்போர்ட்ல உம் பேருதான் இருக்கும்."

ஷர்மினிக்குக் கண் கலங்கிவிட்டது. வேலை போனால் போகட்டும், வேறு வேலை தேடிக்கொள்ளலாம். ஆனால் பூட்டுப் போடுகிறவள் மேலேயே திருட்டுப் பட்டம் விழுந்தால்? போலீஸ் ரிப்போர்ட்டில் பெயர் ஏறிய ஒருத்தியிடம் நாளைக்கு எந்தக் கம்பெனி சாவியைக் கொடுக்கும்? படித்த படிப்பெல்லாம் குப்பைதான்!

*

மத்தியானம் மூடுபனி இறங்கியது. வாசலில் துக்கக்காரர்கள் கூட்டம் குறையவில்லை. செத்தவரே எதிரில் வந்து 'வாங்க, டீ குடிங்க' என்று கூப்பிட்டதில் இரண்டு பேர் ஓடியே போய்விட்டார்கள். கம்போங் ராஜாவிலிருந்து தப்பு மேளக்காரர்கள் ஒரு வேனில் வந்து, 'எங்க உக்காந்து அடிக்கணும்?' என்று கேட்டார்கள்.

ஷர்மினி தன் மேஜையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நல்லுசாமி ஒரு கப் மைலோவைக் கொண்டு வந்து வைத்தார்.

"குடி தங்கச்சி. நீ செஞ்சிருக்க மாட்டன்னு எனக்குத் தெரியும்."

"எப்படி அங்கிள் தெரியும்?"

"நீ துரைய கொல்றதா இருந்தா சம்பளம் போட்டப்புறம்தான் கொன்னுருப்ப."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

போன் அடித்தது. நல்லுசாமி எடுத்தார். "ஆ... ஆ... சரி லா, எடுத்து வைக்கிறேன், வாங்க" என்று வைத்தார்.

"யாரு அங்கிள், துக்கமா?"

"இல்ல, இது ஆர்டரு. காலைலேர்ந்து பாதி போனு துக்கம், பாதி போனு ஆர்டரு. பிரிஞ்சாங் ஆ சேங் புது டீ வேணும்னு வந்துக்கிட்டே இருக்காராம். ரிங்லெட்லேர்ந்து அந்த மலாய்க்கார அம்மா, மாக்சிக் ஃபாத்திமாவும் கேட்டாங்க."

ஷர்மினி மைலோவைக் கீழே வைத்தாள்.

"அவங்களுக்கு பாஸ் செத்தது தெரியாதா?"

"ஒண்ணும் கேக்கலியே. டீ வேணும்னாங்க, அவ்ளோதான்."

"அழுதவங்க யார் யாரு அங்கிள்?"

நல்லுசாமி விரல் விட்டு எண்ணினார். "சாமிநாதன், ஆண்டியப்பன், தெலுக் இந்தான் மகேன், இன்ஸ்பெக்டரோட அம்மா..."

"எல்லாரும் நம்ம ஆளுங்க!"

"ஆமா?"

"மெயில் எல்லாருக்கும் போச்சு. ஆனா தமிழாளுங்களுக்கு மட்டும்தான் பாஸ் செத்திருக்காரு! ஆ சேங்குக்கும் மாக்சிக்கும் உசுரோட இருக்காரு! அது எப்படி?"

நல்லுசாமி மறுபடியும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்.

வாசலில் வேன் சத்தம். ஆ சேங் இறங்கி வந்தார். அரைக்கால் சட்டை, ரப்பர் பூட்ஸ், வாய் நிறையச் சிரிப்பு. பிரிஞ்சாங் பசாரில் கடை வைத்திருக்கும் சீனர். நாற்பது வருடமாகத் தமிழர்களோடு பழகியதில் அவருக்கென்று ஒரு தமிழ் உண்டு.

"அம்மோய்! புது டீ வந்தாச்சி ஆ? ஏன் இவ்ளோ ஆளு? ஏன் இவ்ளோ பூ? யாருக்கு கல்யாணம்?"

"அங்கிள்! காலைல எங்க மெயில் வந்துச்சா?"

"வந்து, வந்து. நான் பாத்து."

"டிலீட் பண்ணிட்டீங்களா?"

"ஏன் டிலீட்? புது டீ நல்ல விசயம் லா."

ஷர்மினி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அங்கிள், அத காட்டுங்க. ப்ளீஸ்!"

ஆ சேங் போனை எடுத்தார். மெயில் பெட்டியைத் திறந்தார். நீட்டினார்.

ஷர்மினி பார்த்தாள்.

பார்த்த வேகத்தில்... அவள் கை தானாகக் கன்னத்துக்குப் போனது.

"ஐயோ முருகா!"

*

"இன்ஸ்பெக்டர் சார், ஒரு நிமிஷம் இத பாருங்க. ஒண்ணும் கேக்காதீங்க, சும்மா பாருங்க."

குகன் போனை வாங்கினார். பார்த்தார்.

தொப்பியைக் கழற்றினார்!

"சார், ஏன் தொப்பிய எடுத்தீங்க?"

"இல்ல... பெரியவரு... மரியாதைக்கு..." என்று இழுத்த குகன், தன் கையிலிருந்த தொப்பியையே ஆச்சரியமாகப் பார்த்தார்.

ஷர்மினி போனைப் பிடுங்கிக்கொண்டு முதலாளி அறைக்குள் போனாள். இன்ஸ்பெக்டர், யோகேந்திரன், நல்லுசாமி, ஆண்டியப்பன், ஆ சேங்... எல்லாரும் பின்னாலேயே வந்தார்கள்.

"பாஸ், கொலையாளி கெடச்சிட்டான்!"

லெட்சுமணன் துள்ளி எழுந்தார். "எவன் அவன்?"

"அதுக்கு முன்னாடி இந்தப் படத்தப் பாருங்க."

லெட்சுமணனுக்குக் கிட்டப் பார்வை சரியில்லை. கண்ணாடியைத் தேடாமல் போனைக் கைநீட்டும் தூரத்தில் வைத்துக் கண்களைச் சுருக்கினார். அவர் முகத்தில் இரக்கம் பரவியது.

"உச்... பாவம். முகத்தப் பாத்தாலே தெரியுது, தங்கமான மனுஷன். எப்பம்மா போய்ச் சேர்ந்தாரு?"

நல்லுசாமி கண்ணாடியை எடுத்து நீட்டினார்.

"பாஸ்... கண்ணாடிய போட்டுட்டுப் பாருங்க."

கண்ணாடியைப் போட்டார். பார்த்தார்.

"இது நான்தான!"

"நீங்கதான் பாஸ்."

சின்ன வட்டம். வட்டத்துக்குள் லெட்சுமணனின் முகம். நெற்றியில் பெரிய சந்தனப் பொட்டு. கழுத்தில் தோள் கொள்ளாத மாலை. மாலைக்கு முன்னால் மெல்லிய கோடாக எழும் புகை. பக்கத்தில் நீல டிக்!

எந்தத் தமிழன் வீட்டுச் சுவரிலும் இப்படி ஒரு படம் மாட்டியிருக்கும். அதற்கு அர்த்தம் ஒன்றே ஒன்றுதான்.

"பொகை எங்கேர்ந்து வந்துச்சு? ஊதுபத்தியா?" என்று பதறினார் ஆண்டியப்பன்.

"ஊதுபத்தி இல்ல அங்கிள், அது டீக்கப்புலேர்ந்து வர்ற ஆவி! பாஸோட மணிவிழாவுல எடுத்த படம் இது. பெருசா பாத்தா கையில டீக்கப் தெரியும், பின்னாடி மலை தெரியும், கீழ கம்பெனி பேரு இருக்கும். மெயில் பெட்டியில விரல் நகம் அளவுக்குத்தான் வட்டம். அதுக்குள்ள சுருங்குனதும் கப்பு போச்சு, மலை போச்சு, பேரும் போச்சு. மிச்சம் இருக்குறது முகம், மாலை, பொட்டு, பொகை!"

"அப்போ சாவு மெயிலு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அப்படி ஒரு மெயிலே கெடையாது சார்! போனது புதுக் கொழுந்து டீ மெயில்தான். லோகோ இன்னைக்குத்தான் முதல் தடவையா வெளிய தெரிஞ்சிருக்கு. பெட்டியத் திறந்தவங்க இந்தப் படத்தப் பாத்தாங்க. சாவுச் சேதின்னு நெனச்சாங்க. மெயில தொறந்து படிக்காமலே அழிச்சிட்டுத் தலைக்கு ஊத்திக்கிட்டாங்க!"

ஆண்டியப்பன் தலையைக் குனிந்துகொண்டார். உண்மையில் அவர் திறந்து படிக்கவே இல்லை.

"ஆ சேங் அங்கிளுக்கும் மாக்சிக்கும் மாலை போட்ட படம்னா என்னான்னு தெரியாது. அதனால மெயில தொறந்து படிச்சாங்க. டீ கேட்டாங்க."

"நான் நெனச்சி கல்யாணம்" என்றார் ஆ சேங்.

லெட்சுமணன் முகம் சிவந்தது. மேஜையைக் குத்தினார்.

"எந்த மடையன் இந்தப் படத்த லோகோவா வச்சான்?"

நல்லுசாமி விட்டத்தைப் பார்த்தார்.

ஷர்மினி ஒரு அடி முன்னால் வந்தாள். இனி பயந்து என்ன ஆகப் போகிறது?

"பாஸ்... நான் ரெண்டு இலையும் ஒரு மொட்டும் போதும்னு சொன்னேன். நீங்க என்னா சொன்னீங்க?"

லெட்சுமணனின் மீசை லேசாக இறங்கியது.

"'எலையப் பாத்து எவன்மா டீ வாங்குவான், என் முகத்தப் பாத்துத்தான் வாங்குவான்'னு சொன்னீங்க. மாலை இல்லாத படம் ஒண்ணு குடுங்கன்னு கேட்டேன். 'மாலையோடதான் களையா இருக்கேன்'னு சொன்னீங்க. அதையே நீங்களே போய் சட்டப்படி பதிவும் பண்ணிட்டு வந்தீங்க."

"சொன்னேனா?"

"சொன்னீங்க துரை" என்றார் நல்லுசாமி விட்டத்தைப் பார்த்தபடியே. "நானும் பக்கத்துலதான் இருந்தேன்."

"ஆனா பாஸ், என் மேலயும் தப்பு இருக்கு" என்றாள் ஷர்மினி. "காலைல நானும் அந்த வட்டத்தப் பாத்தேன். டிக்கு வந்த சந்தோஷத்துல டிக்க மட்டும்தான் பாத்தேன். உங்க முகத்தப் பாக்கல."

இன்ஸ்பெக்டர் குகன் ரிப்போர்ட் எழுத எடுத்த பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார்.

"கொலை செஞ்சவரும் நீங்க. செத்தவரும் நீங்க. கம்ப்ளெய்ன்ட் குடுத்தவரும் நீங்க. நான் யாரப் புடிச்சி ஜீப்புல ஏத்துறது சார்?"

யோகேந்திரன் முதன்முறையாகச் சிரித்தார். அண்ணன் முறைத்த முறைப்பில் சிரிப்பைப் பந்தல்காரருக்கு போன் போடுவதாக மாற்றிக்கொண்டார்.

லெட்சுமணன் போனை ஆ சேங்கிடம் திருப்பிக் கொடுத்தார். அப்புறம் ஷர்மினியின் தலையில் கை வைத்தார்.

"மன்னிச்சிடும்மா. அவசரப்பட்டுட்டேன். நீ பஸ் ஏற வேணாம். இங்கயே இரு. சாவி உன்கிட்டயே இருக்கட்டும்."

ஷர்மினிக்கு மறுபடியும் கண் கலங்கியது. இந்த முறை துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

*

"இப்ப என்னா செய்யணும்?" என்றார் லெட்சுமணன்.

"மொதல்ல லோகோவ கழட்டணும் பாஸ். அது கழண்டு எல்லார் பெட்டியிலயும் மறையுறதுக்குக் கொஞ்சம் நேரம் ஆகும். அது வரைக்கும் ஒரு மெயிலும் போகக்கூடாது. அப்புறம் மாலை இல்லாத படத்துக்குப் புதுசா பதிவு செய்யணும்..."

"சரிம்மா, செய்."

அவள் இன்ஸ்பெக்டரை வழியனுப்ப வாசலுக்கு வந்தாள். அங்கே தப்பு மேளக்காரர்கள் வந்த செலவுக்காவது ஒரு அடி அடித்துவிட்டுப் போகிறோம் என்று நின்றார்கள். சரி, முதலாளி பிழைத்து வந்த சந்தோஷத்துக்கு அடிக்கட்டும் என்றார் ஆண்டியப்பன். அடித்தார்கள். ஆ சேங் ரப்பர் பூட்ஸோடு இரண்டு குதி குதித்தார்.

அந்தச் சத்தத்தில், ஆபிஸுக்குள் லெட்சுமணன் சொன்னது ஷர்மினிக்குக் கேட்கவில்லை.

"நல்லுசாமி, அந்தப் பிள்ள லோகோ கீகோன்னு ஏதோ சொல்லுது. அது வரைக்கும் நான் செத்தவனாவே இருக்கணுமா? எழுது... 'நான் சாகவில்லை. உங்களோடுதான் இருக்கிறேன். என்றும் இருப்பேன். இப்படிக்கு லெட்சுமணன்.' எழுதிட்டியா? அமுக்கு!"

முப்பது வருடமாகத் துரை சொன்னதை மறு பேச்சில்லாமல் செய்தவர் நல்லுசாமி.

அமுக்கினார்.

உள்ளே வந்த ஷர்மினி திரையைப் பார்த்தாள்.

"பாஸ்... என்னா பண்ணீங்க?"

"உண்மைய சொன்னேன்மா!"

"எந்தப் படத்தோட சொன்னீங்க?"

லெட்சுமணன் யோசித்தார். மீசை முழுவதுமாக இறங்கியது.

"ஐயையோ..."

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்...

ஆபிஸில் இருந்த அத்தனை போனும் ஒரே நேரத்தில் அலறின. வாசலில் தப்பு மேளம் டக்கென்று நின்றது.

யாரும் போனைத் தொடவில்லை. லெட்சுமணன் இரண்டு அடி பின்வாங்கினார். ஷர்மினிதான் போய் எடுத்தாள்.

"ஷர்மினி! தானா ராத்தா துளசி அக்கா பேசுறேன்!" எதிர்முனையில் பல் கிட்டித்தது. "செத்தவரு மெயில் போடுறாரு லா! 'நான் சாகவில்லை, உங்களோடுதான் இருக்கிறேன்'னு எழுதியிருக்காரு! மாலையோட சிரிக்கிறாரு! கடைய மூடிட்டு சாமி ரூம்ல உக்காந்திருக்கேன்... ஏம்மா, இது பொய் மெயில்தான? எவனோ விளையாடுறான்தான?"

ஷர்மினி திரும்பிப் பார்த்தாள். லெட்சுமணன் இரண்டு கையையும் ஆட்டி ஆட்டிக் கெஞ்சினார். 'பொய்யின்னு சொல்லிடும்மா!'

பொய் மெயில் என்று சொல்லிவிடலாம். அக்காவுக்கு நிம்மதி. முதலாளிக்கும் நிம்மதி. ஆனால் அவள் போட்ட பூட்டு?

மூன்று மாத உழைப்பு! அதை அவள் வாயாலேயே பொய் என்று சொல்லுவதா?

"அக்கா, படத்துக்குப் பக்கத்துல நீல டிக் இருக்கா?"

"இ... இருக்கு!"

"அப்ப சந்தேகமே வேணாம் லா" என்றாள் ஷர்மினி. "ஒரிஜினல் பேய்தான்!"